குளிசை வாங்கி வந்தவள் நான்

கடந்த நோன்பு தொடங்குவதற்கு மூன்று கிழமைகளுக்கு முன்பு எங்கள் உம்மம்மாவுக்குத் தடிமனும் இருமலும் பிடித்தது. வாப்பாவுக்கும் தம்பிக்கும் வந்து போன அதே தடிமன்தான். அவர்களுக்கு நான்கைந்து நாட்களில் தானாகவே விட்டுப் போயிற்று. உம்மம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. இருமல் இழுத்துக்கொண்டே போனது. "நோன்பு வருது மகள், அதுக்குள்ள இது நிக்கணும்" என்று தினமும் சொல்வார்.

ஒரு நாள் மாலை வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒரு பாமசியில் நின்று, உம்மம்மாவுக்கு இருமல், ஐந்து நாளைக்கு அன்டிபயோட்டிக் தாருங்கள் என்று கேட்டேன். டொக்டரின் துண்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. துண்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்பது நாட்டின் சட்டம். அது எனக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். கடதாசி உறையில் காலை, இரவு என்று கோடு போட்டுத் தந்தார். ஒரு நல்ல பேத்தி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் இருமல் குறைந்தது. குளிசையால்தான் குறைந்தது என்று வீடே நம்பியது. அந்தக் கிழமை அது எப்படியும் குறையத்தான் இருந்தது என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. வைரசால் வரும் தடிமனுக்கும் அன்டிபயோட்டிக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பரீட்சையில் கேட்டால் இதை அழகாக எழுதிப் புள்ளியும் எடுத்திருப்பேன்.

டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் உம்மம்மா நோன்பு பிடிப்பார். நான்காம் ஐந்தாம் நோன்பிலேயே அவருடைய வாய் எரியத் தொடங்கியது. நோன்புக் கஞ்சியில் உறைப்புக் கூடிவிட்டது என்று முதலில் உம்மாவைக் குறை சொன்னார். பிறகு பேரீச்சம்பழமும் எரிந்தது. சாப்பாட்டில் ருசி இல்லை, வாய்க்குள் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது என்றார். நோன்பில் வாய் காயும், உடம்பு சூடு, வாய்ப்புண் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வாய்ப்புண்ணுக்கும் ஒரு அன்டிபயோட்டிக் போட்டால் நல்லது என்று சாச்சி சொன்னார். நான் மறுபடியும் போய், முன்னதைவிடப் பலமான ஒன்றை வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் சஹருக்கு உம்மம்மா இரண்டு வாய் பாலைத் தவிர வேறொன்றும் சாப்பிடவில்லை. சீனிக்கான குளிசையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். காலை பத்து மணியளவில் குசினிக்குள் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டார். உடம்பு வியர்த்து நனைந்திருந்தது, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. உம்மா சீனி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது அவருடைய இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது.

அங்கிருந்த பெண் டொக்டர் உம்மம்மாவின் கட்டுப்பல்லைக் கழற்றச் சொல்லிவிட்டு, டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. துணியால் மெல்லத் துடைத்தபோது அடியில் சிவந்து புண்ணாயிருந்தது. கடைசியாக என்ன மருந்து குடித்தார் என்று கேட்டார். இரண்டு கடதாசி உறைகளையும் நீட்டினேன். யார் வாங்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். ஏ.எல். பயோ என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வாயில் வளர்ந்திருந்தது கன்டிடா அல்பிகன்ஸ் என்ற மதுவம். அப்பத்துக்குப் போடும் ஈஸ்டுக்குத் தூரத்து உறவுக்காரன், ஆனால் அது வேறு, இது வேறு. கன்டிடா, அல்பிகன்ஸ் என்ற இரண்டு சொற்களுமே இலத்தீனில் வெண்மையைக் குறிக்கும். வெள்ளைக்கு வெள்ளை என்று இரண்டு தரம் பெயர் வைத்திருக்கிறார்கள். இது வெளியிலிருந்து வந்து தொற்றிய கிருமியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். டொக்டர் இல்லை என்றார். ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் இது எப்போதும் சிறிய அளவில் இருக்கிறது. இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வாயிலும் இப்போது இருக்கும். உம்மம்மாவின் வாயிலும் பல வருடங்களாக அது பேசாமல் கிடந்திருக்கும்.

அப்படியானால் அதுவரை அதைப் பேசாமல் கிடக்கவைத்தது யார்? பற்றீரியாக்கள்தான் பெரும் பங்கு. ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 இலட்சம் கோடி பற்றீரியாக் கலங்கள் வாழ்கின்றன என்று 2016 ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. நம்முடைய சொந்தக் கலங்கள் ஏறக்குறைய 30 இலட்சம் கோடி. மதுவங்கள் இந்தக் கூட்டத்தில் மிகச் சிறுபான்மை. ஆனால் ஒரு மதுவக் கலம் பற்றீரியாவைவிடப் பல மடங்கு பெரியது, உள்ளே கருவும் உண்டு. எண்ணிக்கையில் கூடியவர்கள் சிறியவர்கள், குறைந்தவர்கள் பெரியவர்கள். இருவரும் ஒரே சீனியைத்தான் தின்ன வேண்டும், ஒட்டிக்கொள்ள ஒரே சவ்வைத்தான் பிடிக்க வேண்டும். பற்றீரியாக்கள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிட்டால் மதுவத்துக்கு ஊன்ற இடமில்லை. அது போதாதென்று சில பற்றீரியாக்கள் அமிலத்தையும் சுரந்து வைக்கின்றன. லக்டோபசிலஸ் என்ற இனம் வெளிவிடும் லக்டிக் அமிலமும், குடலிலுள்ள பற்றீரியாக்கள் நார்ச்சத்தை உடைத்து உண்டாக்கும் பியூட்ரிக் போன்ற அமிலங்களும் கன்டிடாவை அடக்கி வைக்கின்றன.

அடக்கி வைப்பது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கன்டிடாவுக்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று உருண்டையான, அரும்பிப் பெருகும் மதுவ உருவம். இது பெரும்பாலும் தொந்தரவு தராது. மற்றையது நீண்ட இழையாக வளரும் உருவம். இந்த இழை சவ்வைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இழையாக மாறும்போது அது சுரக்கும் ஒரு நஞ்சை 2016 ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்து, கன்டிடாலைசின் என்று பெயரிட்டார்கள். சுற்றியிருக்கும் அமிலம் கூடுதலாக இருக்கும்வரை கன்டிடா பெரும்பாலும் உருண்டையாகவே இருக்கும். அமிலம் குறைந்து, இடமும் காலியானால் இழை விடத் தொடங்கும்.

நான் வாங்கி வந்த முதல் குளிசை பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அது பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. அந்தச் சுவர் பெப்டிடோகிளைக்கனால் ஆனது. மதுவத்தின் சுவரில் அந்தப் பொருளே கிடையாது, அங்கே இருப்பது குளுக்கனும் கைட்டினும். ஆகவே என் குளிசை உம்மம்மாவின் வாயில் காவல் நின்றவர்களைக் கொன்றுவிட்டு, கைதியை ஒரு கீறல்கூட இல்லாமல் விட்டுவைத்தது. இரண்டாவது குளிசை மிச்சமிருந்த காவலர்களையும் தேடிப்பிடித்துக் கொன்றது. பற்றீரியாவின் சுவருக்கு என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, பங்கசின் சுவருக்கு வேறொரு பக்கம். இரண்டையும் வண்ணப் பேனையால் கோடிட்டுப் பாடமாக்கியிருக்கிறேன். ஒரே வாய்க்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்ற எண்ணம் மட்டும் எனக்கு வரவேயில்லை. நாங்கள் படிக்கும் விதத்தில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். தனித்தனியாகக் கேள்வி வருகிறது, தனித்தனியாக எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம்.

என் குளிசை மட்டும்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூட. உம்மம்மா இரவிலும் கட்டுப்பல்லைக் கழற்றுவதில்லை. அந்தப் பிளாஸ்டிக்கில் கன்டிடா நன்றாக ஒட்டிக்கொள்ளும், பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவே உமிழ்நீர் போய்க் கழுவவும் முடியாது. ஆனால் சீனியும் கட்டுப்பல்லும் அவரிடம் பல வருடங்களாக இருந்தவை. புதிதாக வந்தது நான் கொடுத்ததுதான்.

அவருக்குத் தந்த மருந்தின் பெயர் நிஸ்டாட்டின். மஞ்சள் நிறத் திரவம், வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு விழுங்க வேண்டும். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி வாசித்தபோது எனக்கு வேறொரு உலகம் திறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலிசபெத் லீ ஹேசன் நியூயோர்க் நகரில் இருந்தார், ரேச்சல் புல்லர் பிரவுண் அதே மாநிலத்தின் அல்பனி நகரில் இருந்தார். இடையில் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். ஹேசன் பல இடத்து மண்ணைச் சேர்த்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்து, எது பங்கசைக் கொல்கிறது என்று பார்ப்பார். கொல்வதாகத் தெரிந்தால் அந்த வளர்ப்பைப் போத்தலில் அடைத்துத் தபாலில் பிரவுணுக்கு அனுப்புவார். பிரவுண் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். கடைசியில் கைகொடுத்தது வேர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களுக்குச் சொந்தமான ஒரு பால் பண்ணையின் மண். 1950 இல் கண்டுபிடிப்பை அறிவித்தார்கள். நியூயோர்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி மருந்துக்கு நிஸ்டாட்டின் என்று பெயர் வைத்தார்கள். உரிமைப் பணமாக வந்த 130 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகையைத் தாங்கள் எடுக்காமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரை வெள்ளம் மூடியபோது, நனைந்து பூஞ்சணம் பிடித்த ஓவியங்களைக் காப்பாற்றவும் இந்த மருந்து பயன்பட்டதாம்.

அந்தப் பண்ணை மண்ணில் நிஸ்டாட்டினைச் சுரந்தது ஒரு பற்றீரியா. பங்கசைக் கொல்லும் மருந்து பற்றீரியாவிடமிருந்து வந்தது. 1928 இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலினோ பங்கசிடமிருந்து வந்தது, அது பற்றீரியாவைக் கொல்கிறது. ஆக நாம் பாமசியில் காசு கொடுத்து வாங்குவது, மண்ணுக்குள் இவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் போட்டியிட வைத்திருக்கும் ஆயுதங்களைத்தான். எந்த ஆயுதத்தை யார் பக்கம் நின்று வீசுகிறோம் என்று பார்க்காமல் வீசினால் என்ன நடக்கும் என்பதை நான் குசினித் தரையில் பார்த்துவிட்டேன்.

இருவரும் எப்போதும் எதிரிகள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பால் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கும் சின்னப் பிள்ளைகளின் பற்கள் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பற்களில் படியும் படலத்தில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பற்றீரியாவோடு கன்டிடாவும் அடிக்கடி சேர்ந்து காணப்படுகிறது. சீனியிலிருந்து பற்றீரியா ஒரு பசையைச் செய்கிறது, அந்தப் பசையில் மதுவம் ஒட்டிக்கொள்கிறது, இருவருமாகச் சேர்ந்து பல்லை அரிக்கிறார்கள். சூடோமோனாஸ் என்ற இன்னொரு பற்றீரியா கன்டிடாவின் இழைகளின் மேல் படர்ந்து அவற்றைக் கொல்லும், ஆனால் அதே கன்டிடா உருண்டையாக இருந்தால் அதை ஒன்றும் செய்யாது. இப்படிச் சண்டையும் சமாதானமும் கலந்த ஓர் ஊர் நமக்குள் இருக்கிறது. அந்த ஊருக்குள் ஐந்து நாளைக்கு ஒரு தரம் குண்டு போடுவதை நாம் "எதுக்கும் ஒரு கோஸ் அன்டிபயோட்டிக் போட்டுக்குவம்" என்று சொல்கிறோம்.

அன்டிபயோட்டிக் கூடாது என்று நான் எழுதவில்லை. நியூமோனியாவில் கிடக்கும் பிள்ளையைப் பிழைக்க வைப்பது அதுதான். டொக்டர் எழுதித் தந்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குக் குடிக்கத்தான் வேண்டும். பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே 1945 இல் நோபல் உரையில், மக்கள் தாங்களாகவே குறைந்த அளவில் குடித்துக் கிருமிகளைப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். டொக்டரிடம் போய், "அன்டிபயோட்டிக் ஒன்றும் எழுதல்லையா?" என்று கேட்காதீர்கள். எழுதாமல் அனுப்பும் டொக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லாதீர்கள். முன்பு மிஞ்சியதை எடுத்து வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜின் மேலிருந்த பிஸ்கட் டின்னில் இப்படி மிஞ்சிய குளிசைகள் நான்கு வகை இருந்தன. அதில் ஒன்று என் தம்பி பிறந்த வருடத்தது!

அடுத்த பத்தியை எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். எங்கள் ஆசிரியையிடம் கேட்டபோது, எழுதுங்கள் மகள், எழுத வேண்டியது அதுதான் என்றார்.

உம்மம்மாவின் வாயில் வந்தது, பெண்களாகிய நமக்கு இன்னோர் இடத்திலும் வரும். பூப்பெய்திய பின் அங்கே லக்டோபசிலஸ் பற்றீரியாக்கள்தான் பெரும்பாலும் காவல் நிற்கின்றன. அவை சுரக்கும் அமிலத்தால் அந்த இடம் எலுமிச்சைச் சாறு அளவுக்கு இல்லாவிட்டாலும் தக்காளிச் சாறு அளவுக்காவது புளிப்பாக இருக்கும். அன்டிபயோட்டிக் குடித்து அந்தக் காவல் குறைந்தால் அரிப்பும் எரிச்சலும், தயிர்க் கட்டி போன்ற வெள்ளையும் வரலாம். பெண்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. திருமணமாகாத பிள்ளைகளுக்கும் வரும். இது சுத்தமில்லாததால் வருவதுமில்லை, கெட்ட நடத்தையால் வருவதுமில்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? யாரிடமும் சொல்வதில்லை. அசுத்தம் என்று நினைத்து வாசனைச் சவர்க்காரத்தாலும் கிருமிநாசினியாலும் கழுவுகிறோம், மிச்சமிருக்கும் காவலர்களையும் கழுவித் தள்ளுகிறோம். என் தோழி ஒருத்தி இரண்டு மாதம் இப்படியே இருந்தாள். தொழுகையில் மனம் நிற்கவில்லை, வகுப்பில் உட்கார முடியவில்லை, தனக்குப் பெரிய நோய் ஏதோ வந்துவிட்டது என்று இரவில் அழுதிருக்கிறாள். கடைசியில் உம்மாவிடம் சொன்னாள். பெண் டொக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள், ஒரு கிழமையில் சுகமாகிவிட்டது. அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் ஏன் புகழ்ந்தார்கள் என்று நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்பதற்காகத்தானே? உம்மாமாரே, உங்கள் பிள்ளைகள் வந்து சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒரு தரம் பேச்சை எடுத்துவிடுங்கள். எல்லா அரிப்பும் மதுவத்தால் வருவதில்லை, பற்றீரியாக்களின் சமநிலை குழம்பினாலும் வரும். அதற்கு மருந்து வேறு. ஆகவே இதற்கும் பாமசிக்குப் போய்த் தானாக ஏதாவது வாங்கிப் பூச வேண்டாம்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை வாசித்த தோழிகள், அப்படியானால் அப்பம் சாப்பிடக் கூடாதா என்று கேட்டார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். அப்பத்து ஈஸ்ட் அப்பத் தாச்சியின் சூட்டிலேயே செத்துவிடும், உயிரோடு போனாலும் அது கன்டிடாவாக மாறாது. தயிர் சாப்பிட்டால் போதுமா என்றும் கேட்டார்கள். சட்டித் தயிரில் நல்ல பற்றீரியாக்கள் இருக்கின்றன, நல்ல உணவு, எனக்கும் பாணியோடு சாப்பிடப் பிடிக்கும். அது மருந்துக்குப் பதிலாகாது.

உம்மம்மாவுக்கு இரண்டு கிழமையில் வாய் சுகமாகிவிட்டது. விட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு டொக்டரிடம் கேட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்தார். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றிக் குவளைத் தண்ணீரில் போட இப்போது பழகிவிட்டார். பல்லில்லாமல் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் சிரிக்க மாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தார், இப்போது சிரிக்கிறார்.

போன கிழமை எனக்குத் தடிமன். மூக்கடைப்பும் தொண்டை வலியுமாக, எனக்கு மாதிரிப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வாப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு, பாமசிக்குப் போய் ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து உம்மம்மாவின் குரல் வந்தது.

"ஒண்டும் வாங்க வேணாம். கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க, போதும். என்ட வாயில குடியிருந்த அவ்வளவு பேரையும் கொன்ட புள்ள அவள். அவட வாயில இருக்கிறவங்களாவது நல்லா இரிக்கட்டும்."